என் தெருவை எடுத்துக்கொண்டவர்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போகிறவரைப் போலவே என் வீட்டுக்காரர் எழுந்து குளித்து, தலை வாரி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கையில் சாப்பாட்டுத் தூக்கு இல்லை, அதுதான் வித்தியாசம். படியிறங்கி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். முப்பத்திநான்கு வருடம் இடது பக்கமாகவே நடந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ் பிடித்து, லாரிக்கு உதிரி பாகம் வார்க்கும் தொழிற்சாலைக்குப் போய் வந்தவர். எங்கள் தெரு வலது பக்கம் எங்கே போய் முடிகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது. கோலப்பொடி டப்பாவோடு நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர் வலது பக்கமாக நடந்து போனார்.

அந்த வலது பக்கம் என்னுடையது. திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது முடித்தவள் என்பதால் ரேஷன் அட்டைக்கு மனு எழுத, பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுத, தண்ணீர் ஆபீசுக்குப் புகார் எழுத எல்லோரும் என்னிடம் வந்தார்கள். யார் வீட்டில் சண்டை என்றாலும் இரண்டு பக்கமும் என் சமையலறையில்தான் வந்து அழுதார்கள். அவர் மூன்று ஷிஃப்ட்டில் மாறி மாறி வேலை பார்த்தார். பகலில் வீட்டில் இருந்தால் தூங்குவார். தெருப் பெண்களுக்கு அவர் ஜன்னலுக்குள் தெரியும் ஒரு போர்வை, அவ்வளவுதான். "அண்ணன் தூங்குறாரு, மெதுவா பேசுங்கடி" என்று அவர்களே ஒருவரை ஒருவர் அடக்கிக்கொள்வார்கள்.

ஆறு மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தப் பெரிய வறட்சிக் காலம் அது. குழாயில் காற்றுதான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும், தெருவே குடங்களோடு ஓடும். முன்னெல்லாம் யார் முதலில், யார் அடுத்து என்று நான்தான் நின்று சொல்லுவேன். எனக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு குடம் கூடப் போகும், அதை மறைப்பதற்கில்லை. அவர் வந்தார், ஒரு சாக்பீஸை எடுத்தார், ஒவ்வொரு வீட்டுக் குடத்திலும் எண் எழுதி வரிசையில் நிற்க வைத்தார். இன்றைக்கு முதலில் பிடித்தவர் அடுத்த முறை கடைசி. தொழிற்சாலையில் ஷிஃப்ட் போடுகிற கணக்கு அது. சண்டை நின்றது. சண்டை நின்றதும் என்னிடம் யாரும் வரவில்லை.

மனுவை இன்னும் நான்தான் எழுதினேன். ஆனால் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி வருகிறவர் அவர். ஆகவே நன்றியெல்லாம் அவருக்கு. கத்திவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கிழவி இருபது வருடமாக என் வாசலில்தான் முதலில் கூடையை இறக்குவாள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா, நைனா இல்லியா? அவுருக்குன்னு எறா எடுத்து வச்சிகினு வந்தேன்" என்றாள். இருபது வருடம் நான் பேரம் பேசி வாங்கிய இறால் அது. அவருக்கு என்று எடுத்து வைத்தாளாம். அன்றைக்கு இறாலில் உப்பு கூடிவிட்டது. நான் வேண்டுமென்றே போடவில்லை, ஆனால் அவர் முகம் சுளித்தபோது வருத்தப்படவும் இல்லை.

ரயிலுக்கு மாதச் சீசன் டிக்கெட் ஒன்றும் எடுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுவார். ஒருநாள் மீஞ்சூர், ஒருநாள் பொன்னேரி, ஒருநாள் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கி ஒரு டீ குடித்து, அந்த ஊரைச் சுற்றிவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவார். எண்ணூருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அறுபதை நெருங்கிவிட்டோமே என்பது அவருடைய நியாயம். சாயங்காலம் தெருமுனையில் காலடி வைத்ததுமே பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். "இன்னாண்ணே, இன்னிக்கு எந்த ஊரு?" கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு ஒரு கழுதை தினமும் நாலரை வண்டிக்கு வந்து நிற்கிறதாம். யாரோ ஒருவர் இறங்கி அதற்கு வாழைப்பழம் கொடுப்பாராம். அந்த ஆள் வராத நாளில் அடுத்த வண்டி வரைக்கும் நிற்குமாம். அதைக் கழுதையைப் போலவே கழுத்தை நீட்டி அவர் நடித்துக் காட்ட, தெரு குலுங்கிச் சிரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றியவரிடம், "எங்க போனீங்க?" என்றேன். "சும்மா, கவரப்பேட்ட வரைக்கும்" என்றார். கதை வாசலிலேயே தீர்ந்துபோயிருந்தது.

எனக்கு வந்தது பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதை அழைக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். யார் மேல் பொறாமை என்பதுதான் குழப்பம். சில நாள், என் தெருவை எடுத்துக்கொண்டாரே என்று அவர் மேல் எரியும். சில நாள், ஷிஃப்ட்டெல்லாம் முடிந்து ஒருநாள் இந்த மனுஷன் நமக்குக் கிடைப்பார் என்று முப்பத்திநான்கு வருடம் காத்திருந்தேனே, அந்த மனுஷனை இவர்கள் எடுத்துக்கொண்டார்களே என்று தெருவின் மேல் எரியும். இரண்டும் ஒன்றாக எரிந்த நாட்களும் உண்டு.

அந்த ஆடி மாதம் அவர் ஒரு வேன் ஏற்பாடு செய்தார். பெரியபாளையம் போய் அம்மனைக் கும்பிட்டு, அப்படியே சுருட்டப்பள்ளி சிவன் கோயிலையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது. தெருப் பெண்கள் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். பட்டியலில் முதல் பெயராக என்னுடையதை எழுதியிருந்தார். "எனுக்கு முட்டி வலி. நான் வர்ல" என்றேன். வற்புறுத்துவார் என்று நினைத்தேன். "சரி, ரெஸ்ட் எடு" என்று சொல்லி என் பெயரை அடித்துவிட்டு, கோடி வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். அந்தக் கோட்டைப் பேனாவால் எவ்வளவு நேராகப் போட்டார் என்பது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்பியதும் தெரு செத்துக் கிடந்தது. ஆண்கள் சிலர் கடலோரம் போய்விட்டார்கள், சிலர் தூங்கினார்கள். அன்று லாரி வரும் நாளல்ல. மறுநாள்தான் முறை. அதற்காகக் குடங்கள் முந்தின நாளே எண்ணோடு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு லாரி ஹாரன் கேட்டது. எங்கோ போக வேண்டிய லோடு, அங்கே ஆள் இல்லையென்று இங்கே திருப்பி விட்டார்களாம். நான் போய் எங்கள் வீட்டுக் குடம் நான்கையும் வரிசையிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, மீதிக் குடம்லாம் காலியா கீது?"

"யாரும் ஊர்ல இல்ல. நீ போ."

"நீயே புடிச்சு வையேன். நான் ஊத்துறேன், உனுக்கு இன்னா கஷ்டம்?"

"எனுக்கு முட்டி வலி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். லாரி திரும்புவதற்குள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நான்கு குடத்தையும் உள்ளே தூக்கி வந்தேன், முட்டி வலிக்கவே இல்லை.

மாலை ஏழு மணிக்கு வேன் வந்தது. தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாக, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எதிர்வீட்டில் இட்லி போட்டு விற்கும் பெண்தான் முதலில் கவனித்தாள். புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகளை அந்த இட்லியில்தான் வளர்த்தாள். தெருவின் நடுவில் ஈரம். சுற்றிலும் காய்ந்த குடங்கள்.

"லாரி வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் நின்றது. ஒவ்வொருத்தியாகத் தன் குடத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டித் தப்பித்திருப்பேன்.

அவர் உள்ளே வந்தார். நிறைந்திருந்த நான்கு குடங்களைப் பார்த்தார். இரண்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து மூன்றாவதைத் தூக்கியபோது நான் வழியை மறித்தேன். கோபம் வந்தால் எனக்கு அவர் 'நீங்க' இல்லை, 'நீ' ஆகிவிடுவார்.

"முப்பத்திநாலு வருசம் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு தூங்கியே கழிச்ச. ரிட்டயரானா எங்கூட இருப்பேன்னு பாத்துகினு இருந்தேன். நீ தெருவோட குடித்தனம் பண்ற."

அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"வூட்ல எங்க இருக்க உட்ட? வந்த மொத வாரமே, அரிசி டப்பாவ எடம் மாத்தி வச்சேன்னு இன்னா சொன்ன? இது இன்னா உன் ஃபேக்டரியா, எந்நேரமும் காலுக்குள்ள வந்து நின்னுகினு, வெளிய எங்கனா போய்த் தொலையேன்னு சொன்னியா இல்லியா? போனேன். வெளிய போனா அவங்க வாங்கண்ணேன்னாங்க. நீ ஒருவாட்டி கூட வான்னு சொல்லல."

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. பிறகு அரிசி டப்பா நினைவுக்கு வந்தது. அது மேல் தட்டில் எட்டாத இடத்தில் இருந்ததும், என் கழுத்து நரம்பு புடைத்ததும், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியேறியதும் நினைவுக்கு வந்தன. நான் தினமும் பத்து வார்த்தை அப்படிச் சொல்லுகிறவள். அவர் அந்த ஒன்றைக் கேட்டு அதன்படி நடந்துவிட்டார்.

"வேனுக்கு இன்னொரு வாட்டி கூப்டிருக்கலாம்ல?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முட்டி வலின்னியே."

"அது முட்டி வலியா?"

அவர் குனிந்து என் முட்டியைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்றாவது குடத்தின் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். அதைக் கோடி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை, முறை லாரி வருவதற்கு முன், எதிர்வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் இரண்டு குடம் குடிக்கப் போதுமாக இருந்தது, மாவாட்டவும் பாத்திரம் கழுவவும் போதவில்லை. நான் தெருவைக் கடந்து போய் அவள் வாசலில் நின்று, "லாரிக்காரன் கேட்டான். நான்தான் போவச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்க்கா. நாலு குடத்துக்குத்தான் ஈரம் இருந்துச்சு." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அண்ணன நாங்க இன்னா வூட்டுக்கா தூக்கினு போய்ட்டோம்? எங்களாண்டயும் ஒரு ஆம்பள மரியாதையா பேசுறாரேன்னு நின்னு கேட்டோம். அது உனுக்குப் பொறுக்கலியா?"

பொறுக்கவில்லை என்று சொன்னேன். சொன்னதும் அவள் முகம் இளகிவிடவில்லை. இரண்டு மாதம் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த லாரிக்கு எங்கள் குடங்களைக் கடைசியில் வைத்தேன். கடைசியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அவள் ஒருநாள் தானாக வந்து அவற்றை அவற்றின் எண்ணுக்கு நகர்த்தி வைக்கும் வரை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவர் இறந்த அன்று கவரைப்பேட்டை ஸ்டேஷனில் டீ விற்கும் ஒரு பெண் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து கதறினாள். அவளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மாலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதும் அது சுருக்கென்று தைத்தது. செத்த பிறகுமா என்று நினைத்தேன். பொறாமை எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் ஒரே ஒருநாள் அது இடம் மாறியது. அந்த லாரி விஷயம் நடந்து சில வாரங்கள் கழித்து, "நீயும் வாயேன்" என்றார். நானும் சீசன் டிக்கெட் எடுத்தேன். வண்டியில் கூட்டம். நான் மகளிர் பெட்டியில் ஏறினேன், அவர் அடுத்த பெட்டியில். என் எதிரில் இரண்டு பெண்கள் அறிமுகமாகி, மறுநாள் தங்கள் தங்கள் குடும்பத்தில் நடக்கப்போகும் பெண் பார்க்கும் சடங்கைப் பற்றி ஆளுக்கொரு புலம்பலாகப் புலம்பினார்கள். பெண் வீட்டார் மகா கறார் என்று ஒருத்தி. மாப்பிள்ளை வீட்டார் சரியான அலட்டல் என்று இன்னொருத்தி. அனுப்பம்பட்டு தாண்டித் தெருப் பெயரும் தரகர் பெயரும் வெளியே வந்தபோதுதான், இருவரும் திட்டிக்கொண்டிருந்தது ஒருவரையொருவர் என்று தெரிந்தது. பெட்டியில் எல்லாத் தலையும் அவர்கள் பக்கம் திரும்பியது. அப்புறம் அவர்கள் இருவருமே முதலில் சிரிக்க, பெட்டி முழுக்க வெடித்தது. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பொன்னேரியில் இறங்கியதும் அவர் ஓடி வந்தார். "இன்னா அவ்ளோ சிரிப்பு? எங்க பொட்டி வரைக்கும் கேட்டுச்சு."

"அப்பறம் சொல்றேன்" என்றேன்.

டீ குடிக்கும்போது இன்னொரு முறை கேட்டார். கடைத்தெருவில் நடக்கும்போது, வேறு எதையோ பேசுவது போல ஆரம்பித்து மறுபடி கேட்டார். தனக்குத் தெரியாத ஒரு கதை என்னிடம் இருக்கிறது என்பது அவரை நடக்கவிடவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் ஜன்னலுக்குப் பின்னால் நான் வைத்துக்கொண்டிருந்த முகம். தெரு வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, அங்கே போய் எல்லோர் நடுவிலும்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். திரும்பும்போது பொதுப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கேட்காமல் உட்கார்ந்திருந்தார். மீஞ்சூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.