யாகோப்பின் பெட்டியும் கனிசியசின் கையும்

யாகோப்பு தன் மச்சான் கனிசியசுக்கு மூவாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். கடன் பட்டது எண்பத்தெட்டில். அந்தக் காசையும் போட்டுத்தான் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் கீபோர்ட் வாங்கினான். அந்தக் கீபோர்ட்தான் ட்றம்ஸ் அடித்த கனிசியசை யாகோப்பின் இசைக்குழுவிலிருந்து துரத்தியது. தன் சவப்பெட்டிக்குத் தானே பலகை வாங்கிக் கொடுத்தவன் குருநகரில் அவன் ஒருவன்தான்.

கனிசியஸ் லேசுப்பட்ட ஆள் அல்ல. பள்ளிக்கூடம் அவனை ஐந்தாம் வகுப்பில் கைவிட்டது. அவன் பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்பிலேயே கைவிட்டிருந்தான். ட்றம்ஸ் அடிக்க ஒருவரும் சொல்லித் தரவில்லை. மீன்பெட்டியில் தட்டி, மண்ணெண்ணெய்த் தகரப் பரலில் தட்டி, தானாகப் பழகிய கை. சங்கீதம் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ணுகிறவனுக்கு எண்ணத்தான் தெரியும். கனிசியஸ் பைலா ஆட்டப் பாட்டுக்கு அடித்தால் கால் முறிந்த கிழவனும் கதிரையை விட்டு எழும்புவான். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

கீபோர்ட் பெட்டி வந்த அன்று யாகோப்பு இடது கையால் ஒரு கட்டையை அமத்தினான். ட்றம்ஸ் அடித்தது, கிற்றார் உறுமியது.

"பாத்தியே மச்சான்? ஒரு விரல்தான். உள்ளுக்கை ஆறு பேர் இருக்கிறாங்கள். ஒருத்தனும் சோறு கேக்கமாட்டான், சாராயமும் கேக்கமாட்டான்."

"என்ரை காசு?"

"ஓம், தாறன். பெட்டி உழைச்சுத் தரும்."

பெட்டி உழைத்தது. காசு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் யாகோப்பு ஒரு புது றிதத்தைப் போட்டுக் காட்டினான்.

தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளானது. உள்ளே இருந்த ஆறு பேரும் செத்தார்கள். அப்போது ஊரே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது. யாகோப்பும் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து, இரண்டு டைனமோ பூட்டினான். பெட்டி பாடியது. ஒரு வில்லங்கம் மட்டும் இருந்தது. சைக்கிள் சில்லின் சுற்று கொஞ்சம் தளர்ந்தாலும் பெட்டி செத்துவிடும். ஆண்டவரைப் போல மூன்றாம் நாள்வரை காத்திராமல், திரும்பச் சுற்றினால் உடனே உயிர்க்கும். ஆனால் போட்ட றிதத்தை மறந்து முதலாம் நம்பரில் போய் நிற்கும். முதலாம் நம்பர் றொக், குதித்து ஆடுகிற தாளம்.

மணிக்கணக்காக ஒரே கதியில் சுற்றக்கூடிய கை குருநகரில் ஒன்றுதான் இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு யாகோப்பு அதைத் தேடி வந்தான்.

"செபமாலைச் சம்மாட்டியார் வீட்டுக் கலியாணத்திலை பழைய கடன் முழுக்கத் தாறன் மச்சான். உன்ரை தங்கச்சி மேலை ஆணை."

கலியாணத்தன்று, நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் முழுக் கூலியையும் முதலே கொடுத்தார். அது யாகோப்பின் சட்டைப் பைக்குள் போனதைக் கனிசியஸ் கண்ணால் கண்டான். பிறகு மேடைத் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து பெடலைச் சுற்றினான்.

"மச்சான், காசு?"

"முடியட்டும். கதையாமச் சுத்து."

மாப்பிள்ளையும் பொம்பிளையும் பந்தலுக்குள் வந்தார்கள். யாகோப்பு வோல்ட்ஸ் றிதத்தைப் போட்டான், மூன்று மூன்றாக எண்ணி நடக்கிற மெதுவான தாளம். கனிசியஸ் கையை எடுத்து மூக்கைச் சொறிந்தான். பெட்டி செத்தது. அவசரமில்லாமல் ஆறுதலாகத் திரும்பச் சுற்றினான். யாகோப்பு பதறிப்போய்ப் பொத்தானை அமத்த, றொக் வெடித்தது. பொம்பிளை சேலை தடுக்கி நின்றாள். மாப்பிள்ளையின் சின்னம்மா இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள்.

"டேய் யாகோப்பு! என்ரை பிள்ளை என்ன, ஓட்டப் போட்டிக்கே வாறாள்?" என்று சம்மாட்டியார் கத்தினார்.

யாகோப்பு திரைக்குள் தலையை விட்டான். "ஒழுங்காச் சுத்தடா! மானம் போகுது!"

"உள்ளுக்கை ஆறு பேர் இருக்கிறாங்களெண்டியே. அவங்களைச் சுத்தச் சொல்லு."

"பிறகு தாறன் மச்சான்..."

கனிசியஸ் மற்றப் பக்க மூக்கையும் சொறிந்தான். பெட்டி திரும்பவும் செத்தது.

"பாட்டில்லையெண்டால் என்ரை காசை வை!" சம்மாட்டியார் மேடைக்கே வந்துவிட்டார்.

"தாறன், தாறன்!" என்றான் யாகோப்பு. சம்மாட்டியாருக்கு அல்ல, திரைக்கு.

கனிசியஸ் வலது கையால் சுற்றத் தொடங்கினான். இடது கையைத் திரைக்கு வெளியே நீட்டி விரித்தான். யாகோப்பு வோல்ட்ஸைத் தேடி அமத்தினான். பொம்பிளை நடந்தாள். யாகோப்பின் ஒரு விரல் கட்டையில் இருக்க, பெட்டி தானாக வாசித்தது. சும்மா இருந்த மற்றக் கை சட்டைப் பைக்குள் போய் நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, வோல்ட்ஸின் தாளத்திலேயே, விரிந்த உள்ளங்கையில் வைத்தது: ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு. முப்பது தாளும் முடியும்வரை சில்லு ஒருமுறைகூடத் தளரவில்லை.