பவர் ஸ்டியரிங் ஆயிலைத் திருடியது யார்?

எங்கள் ஊரில் லாரி முதலாளிகள் வண்டியைப் பார்க்கும் முன்பே டிரைவரைத் திருடனாக்கிவிடுகிறார்கள்.

இன்று காலை, நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்கு செராமிக் கம்பெனிக்குக் களிமண் ஏற்றும் ஒரு லாரி வந்தது. ஸ்டியரிங் திரும்பவே மாட்டேன் என்றது. பவர் ஸ்டியரிங் டேங்கில் ஆயில் இல்லை.

"வாரா வாரம் டின்னு வாங்கித் தரேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல. அப்ப எங்க போவுது? இவன்தான் வித்துத் திங்கறான், திருட்டுப்பய" என்றார் முதலாளி.

டிரைவர் செல்வம் அண்ணனுக்கு என் அப்பா வயது. "நான் எடுக்கல மொதலாளி" என்றார். சுற்றி நின்ற மற்ற டிரைவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அடியில் படுத்துப் பார்த்தேன். செராமிக் களிமண் அப்பிக் காய்ந்து கிடந்தது. சுரண்டினால் உள்ளே எண்ணெய்ச் சேறு. ஒழுகியதை எல்லாம் மண்ணே குடித்திருக்கிறது!

கழுவித் துடைத்து, புது ஆயில் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடிக்கச் சொன்னேன். பம்பிலிருந்து வரும் ஹோஸின் முனையில் ஆயில் பீறிட்டது. முதலாளியைக் குனியவைத்துக் காட்டினேன்.

ஹோஸை மாற்றியதும் ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

"சரி சரி, ஏறுடா செல்வம். லோடு நிக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னீங்க இல்ல? எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அது அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உங்களில் யாருக்காவது கேட்டதா?