தாளிக்காத மொச்சை

மேலகரத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரரைப் பட்டாளத்து அண்ணாச்சி என்போம். முறுக்கிய மீசை, வெளுத்த காக்கி டவுசர். சண்டைக்காக எகிப்து போனபோது அங்கே தின்ற மொச்சை விழுதை அவரால் மறக்க முடியவில்லை. இங்கே ஞாயிறுதோறும் மொச்சையை அவித்து, எள்ளும் பூண்டும் சேர்த்து அம்மியில் மையாக அரைத்து, எலுமிச்சை பிழிவார். அவர் கை கழுவி வருவதற்குள் அவர் மனைவி அதில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிவிடுவார்.

"ஏட்டி, அங்கன இப்படித் தாளிக்க மாட்டாவ. கெடுத்துட்டியே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்.

அந்த அம்மா இறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுத் தட்டை நீட்டினார். அதில் தாளிக்காத வெறும் விழுது இருந்தது.

"இப்பவாவது அந்த ருசி வந்துட்டுதா, அண்ணாச்சி?"

"வந்துட்டு." அவர் ஒரு வாய்கூட எடுத்துத் தின்னவில்லை. அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடுகு எந்த டப்பாவுல கெடக்குன்னுதான் தெரியல."