அமிலம் போட்ட தழும்பு

நடந்தவை இவை:

1. பயிற்சி முடிந்ததும் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன்.
2. அடுத்த வருடம் கல்யாணம். கணவருக்கு நூல் கடையில் வேலை.
3. கல்யாணமான நான்காம் மாதம், சிறுநீர்ச் சோதனைக்கு எடுத்த நைட்ரிக் அமிலம் என் இடது முழங்கையில் கொட்டியது.
4. புண் ஆறும்வரை, ஏறக்குறைய இருபது நாள், அவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார்.
5. பிறகு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தோம்.
6. அந்தத் தழும்பு தன் கைவேலை என்று அவர் மைக்கில் சொன்னார்.

அவர் ஆட்டையாம்பட்டியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுந்த இழையை முடிந்து பழகிய விரல்கள். என்னைவிட நன்றாகப் பின்னுவார். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. சோறு வடிக்கும்போது கஞ்சி தெறிக்கும் என்று என்னைக் கிட்டே விடமாட்டார்.

இருவருமே கத்தோலிக்கக் குடும்பம். பாவத்தைச் சாமியாரின் காதில் மட்டும் சொல்லி வளர்ந்தவர்கள். ஜெபக்கூட்டத்தில் அதைப் பந்தலின் நடுவே நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். சாராயம் காய்ச்சியவர், அரிவாளோடு திரிந்தவர் என்று ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து அழுவார்கள். போதகர் தோளைத் தட்டிக்கொடுப்பார். "ஆண்டவர் சிங்கத்தைத்தான் அடக்குகிறார், பூனையை அடக்க அவர் எதற்கு?" என்பார். கிறிஸ்துவின் போர்ச்சேவகன் அடுப்படியில் நிற்கமாட்டான் என்பார். வெளியூரில் பேச அழைக்கப்படுவதும் பெரிய சாட்சி உள்ளவர்கள்தான். என் கணவருக்கும் அந்த ஆசை இருந்தது. சொல்லத்தான் எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். லாரி ஓட்டும் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க பிரதர், நீங்க மட்டும் பொறந்தன்னைக்கே ரட்சிக்கப்பட்டுட்டீங்களா?"

"சேத்துல எறங்கியிருந்தாத்தானுங்க கால் கழுவ ஏதாச்சும் இருக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்றார். குடித்ததாகச் சொன்னார். என்னை அடித்ததாகச் சொன்னார். "என் மனைவியின் கையிலே ஒரு தழும்பு இருக்கிறது. இந்தப் பாவி கொள்ளிக்கட்டையால் வைத்த சூடு அது" என்று வலது கையை உயர்த்தினார். ஆண்கள் பக்கம் அல்லேலூயா எழுந்தது. பெண்கள் பக்கம் அத்தனை முகமும் என்னைப் பார்த்துத் திரும்பியது. அருகில் இருந்த அம்மாள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார்.

"ஏஞ்சாமி, இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே?"

"இது அமிலம் பட்டதுங்க. ஆஸ்பத்திரில கொட்டிருச்சு."

"பாருங்க, இப்பவும் புருஷன உட்டுக் குடுக்க மாட்டேங்குது" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஏம்புள்ள, பொண்டாட்டிக்குத் தல பின்னுனேன்னு மைக்குல சொல்லச் சொல்றியா?"

"அதுதானுங்க நடந்தது."

"அதக் கேட்டு எவன் மனந்திரும்புவான்?"

அந்த வாரமே அடுப்படிக்கு வருவதை நிறுத்திவிட்டார். சபைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் என்னை 'ஏய்' என்று கூப்பிட்டார். அவர்கள் போனபிறகும் அந்தக் குரல் முழுதாக இறங்கவில்லை.

இரண்டு வருடமாகிறது. எடப்பாடியில் பேசிவிட்டார், இந்த வாரம் வெண்ணந்தூர். ஊருக்கு ஊர் கொள்ளிக்கட்டை கொஞ்சம் நீளமாகிறது. இன்றுவரை என்னை அடித்ததில்லை. முழங்கைக்குக் கீழே இறங்கும்படி ரவிக்கை தைத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அன்றைய விபத்தைப் பற்றி என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை. தலையை நானே பின்னிக்கொள்கிறேன். இடது கை முழுதாக மடங்காததால் பின்னல் ஒரு பக்கமாகச் சாய்கிறது.