சகலை கொண்டுவந்த நீலம்

கேக் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் ஆகாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் வெளியாள் இல்லை, மனைவியின் அக்காள் கணவர். நேரில் பார்த்தால் ‘வாங்க சகலை’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கூப்பிட்டு முடிப்பதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

ஏன் எரிகிறது என்று கேட்டால் மாஸ்டரிடம் நியாயமான பதில் கிடையாது. சகலை அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுவே ஒரு குறையாகத்தான் இருந்தது. ஏதாவது செய்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருக்குமே. நல்ல உயரம், நல்ல பேச்சு, கசங்காத சட்டை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்தில் அங்கே இருக்கிற நாற்காலியெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிடும். மாஸ்டரோ பேக்கரியின் பின்கட்டில், ஓவன் சூட்டுக்கும் ஃப்ரிட்ஜ் குளிருக்கும் நடுவே வெண்ணெயும் சர்க்கரையும் அடித்தே காலம் தள்ளியவர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைப் பார்த்து ‘அடடா’ என்பவர்கள் அதைச் செய்தவரைப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் ஒரு ரசிகை இருந்தாள், அது போதும் என்று இருந்தார்.

அந்த ரசிகை அவருடைய ஒரே மகள். அவள் பிறந்தநாள் கேக் எப்போதும் அப்பா கையால்தான். ஒரு வருஷம் யானை, ஒரு வருஷம் ரயில், இன்னொரு வருஷம் அவள் புரண்டு அழுது கேட்டதற்காக அவளுடைய டீச்சரின் கைப்பை. வெட்ட மனம் வராமல் அந்தக் கைப்பையை அவள் எறும்பு வரும்வரை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் சகலை ஒரு டப்பா பொடியில் வளைத்துப்போட்டார் என்பது மாஸ்டரின் கட்சி.

சகலை அப்போது புதிதாக ஒரு கம்பெனிக்கு விற்பனையாளராகச் சேர்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிகளில் ஒருவகைப் பாசியை வளர்த்து, அதிலிருந்து நீலத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பொடியாக்கி விற்கிற கம்பெனி. பாலில் கலந்து குடித்தால் சத்து, ஐஸ்கிரீமிலும் மிட்டாயிலும் போட்டால் நிறம் என்று சகலை சொல்லிக்கொண்டு திரிந்தார். மாஸ்டர் வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் மகள் மேலுதட்டில் நீல மீசையோடு சமையலறையை விட்டு வெளியே வந்தாள்.

“குடிச்சுப் பாருங்கப்பா. கெமிக்கலே கிடையாது, பாசிதான்.”

“பாசி பிடிக்காம இருக்கணும்னுதான் நம்ம தொட்டியை மாசாமாசம் தேய்ச்சுக் கழுவுறோம்” என்றார் மாஸ்டர்.

“உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் மனைவி. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதோடும் நிற்கவில்லை. மகள் கல்லூரியில் உணவு சம்பந்தமான படிப்பில் சேரப்போவதாகச் சொன்னாள். பெரியப்பா யோசனை. எந்தக் கல்லூரி என்பதும் பெரியப்பா யோசனை. பெரியப்பாவாம்! ஒரு மாவுப் பையைக்கூடத் தூக்கியறியாத மனிதருக்கு அந்தப் ‘பெரிய’வைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று மாஸ்டர் தமிழையே வைதார்; அதற்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

பிறந்தநாள் நெருங்கியது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்த வருஷம் கடல் வேணும்ப்பா. அலை அலையா. ஆனா பெரியப்பாவோட நீலத்துலதான் செய்யணும். உங்க பாட்டில் கலர் வேண்டாம். வேற எதுவும் கேக்கல, இது ஒண்ணுதான்.”

‘உங்க பாட்டில் கலர்.’ யானைக்கும் ரயிலுக்கும் அந்த பாட்டில்தான் நிறம் கொடுத்தது. மாஸ்டர் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய், தாகம் இல்லாமலே தண்ணீர் குடித்தார்.

பேக்கரிக்குக் கிளம்பும்போது மனைவி டப்பாவை எடுத்து நீட்டினாள். “இதுக்குச் சூடு ஆகாதாம், புளிப்பும் ஆகாதாம். எப்படிப் போடணும்னு அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.”

“க்ரீம் அடிக்க எனக்கு அவர் பாடம் எடுக்கணுமா?” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் படியிறங்கினார். அப்போது காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் க்ரீம் செய்கிற முறையே வேறு. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, கொதிக்கிற சர்க்கரைப்பாகை நூலாக ஊற்றி, ஆறியதும் வெண்ணெய் சேர்ப்பார். நிறத்தைப் பாகிலேயே கலந்துவிடுவது அவர் கைப்பழக்கம். அப்படியே பொடியைப் போட்டார். ஒரு கணம் கண்ணைப் பறிக்கிற நீலம். அடுத்த கணமே வெளுக்க ஆரம்பித்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்து நின்றது. இரண்டாவது தடவை பாகை விட்டுவிட்டு முட்டை வெள்ளையில் கலந்தார். நுரை நிற்பதற்காக வழக்கம்போல எலுமிச்சைச் சாறு விட்டார். நீலம் திட்டுத்திட்டாகத் திரிந்துபோனது. மேலே சூடான பாகு விழுந்ததும் அந்தத் திட்டும் சாம்பல் பூத்தது. மூன்றாவது தடவை என்ன செய்தார் என்பது அவருக்கே நினைவில்லை, அவ்வளவு கோபத்தில் இருந்தார்.

ஒரு போன் போட்டிருந்தால் போதும். ‘ஆறின வெண்ணெயில கடைசியாப் போடுங்க சகலை’ என்று அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கவும் செய்தார். சகலையின் பெயருக்குப் பக்கத்தில் சிரிக்கிற படத்தைப் பார்த்தார். செத்தாலும் கேட்கமாட்டேன் என்று கீழே வைத்தார்.

அலமாரியில் பழைய பாட்டில் இருந்தது. இரண்டே சொட்டு. கிண்ணத்துக்குள் கடல் வந்துவிட்டது. மகளிடம் சொன்ன ‘சரி’ நெஞ்சில் முள்ளாகக் குத்தத்தான் செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அதன் மேலேயே க்ரீமைப் பூசினார். அலை ஒவ்வொன்றையும் தட்டைக் கத்தியின் முனையால் இழுத்து மடித்து, நுரைக்கு வெள்ளையைத் தனியே தொட்டு வைத்தார். அவர் கையிலிருந்து அதுவரை அப்படியொரு கேக் வந்ததில்லை.

மாலையில் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மகளின் தோழிகள், பக்கத்து வீட்டார், மனைவியின் அக்காள், நடுநாயகமாகச் சகலை. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது, ஆனால் அந்தக் குளிர்ச்சி அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“அத்தான், உங்க நீலம் என்னமா இருக்கு!” என்றாள் மனைவி.

“பாசியில இருந்தா இப்படி ஒரு கலர்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“பெரியப்பா, யூ ஆர் கிரேட்!” என்று மகள் ஓடிப்போய்ச் சகலையைக் கட்டிக்கொண்டாள்.

கேக் வெட்டக் கூலிக்கு வந்தவர்போல மாஸ்டர் கத்தியோடு நின்றார். நீலமும் என்னுடையது, அலையும் என்னுடையது, கட்டிக்கொள்வது அவரையா? வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். திறக்காவிட்டால் மூச்சு முட்டும்.

“நீலம் கெடக்கட்டும், கை யார் கை? எங்க சகலை கை!” என்றார் சகலை. நாலு பேர் கைதட்டினார்கள். தன் கைக்கான புகழ்கூட அந்த வாய் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

சகலை அதோடு விட்டிருக்கலாம். விற்பனையாளர் ஆயிற்றே, கூட்டத்தைக் கண்டதும் வாய் நிற்கவில்லை. “கடை கடையா நான் செஞ்சு காட்டுற வித்தை ஒண்ணு இருக்கு. ஒரு கிளாஸ் வெந்நீர் கொண்டாங்க, நல்லாக் கொதிக்கட்டும். இயற்கை நீலம்னா கொதிநீர்ல போட்டதும் வெளுத்துடும். பாட்டில் கலர்னா அப்படியே நிக்கும்.”

மனைவி ஆவி பறக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். சகலை ஓர் அலையை ஸ்பூனில் கிள்ளிப் போட்டுக் கலக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெண்ணெய் உருகி மேலே மிதந்தது. கீழே தண்ணீர் நீலமாகவே நின்றது. சகலை இன்னும் கொஞ்சம் கலக்கினார். நீலம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சகலை நிமிர்ந்து மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை.

“தண்ணி சரியாக் கொதிக்கல போல” என்று கிளாஸைக் கையால் மறைத்து எடுத்து ஜன்னலோரமாக வைத்தார். “வீட்டு மனுஷங்ககிட்ட நம்ம வித்தை பலிக்காதுப்பா. கேக்கை வெட்டுங்க, பசிக்குது!” கூட்டம் சிரித்தது.

தப்பித்தார் மாஸ்டர். வேறு யாராக இருந்தாலும் குலதெய்வத்தைக் கும்பிட்டிருப்பார்கள். அவருக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. காப்பாற்றிவிட்டானே, பாவி! நீலத்தின் பேரும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கு. இனி ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பார்வையைச் சுமக்க வேண்டும். மகளோ இன்னும் அவன் பக்கத்திலேயே நிற்கிறாள்.

“தண்ணி நல்லாத்தான் கொதிச்சுது” என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “அது உங்க நீலம் இல்ல. உங்க நீலம் பாகுல போட்டதும் செத்துப்போச்சு. இது என் பாட்டில் நீலம். நீங்க எல்லாரும் ஆகா ஓகோன்னு சொன்னது என் நீலத்தை!”

“என்னங்க இது…” என்று மனைவி மட்டும் முனகினாள். மகள் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். அவள் முதலில் திரும்பியது பெரியப்பாவிடம்.

“தெரிஞ்சுதான் தண்ணி கொதிக்கலன்னு சொன்னீங்களா?”

“விடும்மா. கேக் நல்லாயிருக்கு, சாப்பிடு” என்றார் சகலை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

“பெரியப்பா சொன்னது பொய்தான். உங்களுக்காகச் சொன்னாரு. இப்ப நீங்க உண்மையைச் சொன்னீங்களேப்பா, அது எனக்காகவா?”

இல்லை என்று மாஸ்டருக்குத் தெரியும். அவள் கண் நிறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கை சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.