வெள்ளிக்கிழமை விரதமும் ஒரு கிளாஸ் சீனித் தேநீரும்

போன ஆவணியில் எனக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. முல்லைத்தீவுக் கடலைப் பார்க்கக் கிளம்பினேன். மட்டக்களப்பில் பிறந்தவளுக்குக் கடல் என்ன புதிதா என்று வீட்டில் கேலி. கடல் புதிதில்லைத்தான். ஆனால் வன்னி மனிதர்களோடு நான் இரண்டு வார்த்தை பேசியதே இல்லையே! பையைத் தூக்கிவிட்டேன்.

வவுனியாவிலிருந்து காலை ஆறரை மணி பஸ். மாங்குளம் சந்தி சுமார் ஐம்பது கிலோமீற்றர். அங்கே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்கும் பஸ் உண்டு, ஏறக்குறைய அதே தூரம். நினைத்த இடத்தில் நின்று பார்க்கலாமே என்று ஓட்டோ பிடித்தேன். ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். பேரம் பேசியிருக்கலாம், எனக்கு அந்த வாய் இல்லை.

ஓட்டோக்காரர் சிவநேசன் அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. வயலும் செய்கிறாராம். யானை எந்த இடத்தில் றோட்டைக் கடக்கும், எந்தக் குளத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒட்டுசுட்டானில் தேநீர் குடிக்கக் கூப்பிட்டபோது மட்டும் தலையாட்டி மறுத்தார். வெள்ளிக்கிழமையாம், பின்னேரப் பூசை முடியும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படாதாம்.

அதற்குப் பிறகுதான் ஆள் மாறினார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. திடீரென்று தனியே சிரித்தார். நாக்குக் குழறியது. ஓட்டோ நேரே போகாமல் றோட்டை அளந்துகொண்டு போனது. நிற்பாட்டுங்கோ என்றதற்கு என்னையே ஏசினார். குனிந்து மணந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. மணக்காத சரக்கும் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு தேநீர்க்கடைப் பலகையை இடிக்கப் பார்த்து, அரும்பொட்டில் நின்றது வண்டி. கடையில் இருந்தவர்கள் குடிவெறிகாரன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். பொலிசுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். நானும் அதற்குத் தலையாட்டினேன், பொய் சொல்வானேன்.

கடைக்கார முஸ்லிம் நானா மட்டும் இறங்கி வந்து அண்ணையின் கழுத்தில் கை வைத்தார். சேட் தொப்பலாக நனைந்திருந்தது, உடம்போ சில்லிட்டிருந்தது. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, குளிசை மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்று கேட்டார். அந்தத் தடுமாற்றத்திலும் அண்ணைக்கு ஒரு பெருமை.

"காலமை போட்டனான். ஒருநாளும் விடுறேல்ல."

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "குளிசை போட்டிருக்கிறார், சாப்பிடேல்ல. சீனி இறங்கிப்போச்சுது தங்கச்சி. நோன்பு பிடிச்சு நானும் இப்பிடி ஒருக்கா விழுந்தனான்."

விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பிறகு ஆறின தேநீரில் சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கி நீட்டினார். அண்ணையோ வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையைத் தட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அதையே சொன்னார்.

"நோன்புக்காரன் நான் சொல்லுறன். வருத்தக்காரனிட்டக் கடவுள் விரதம் கேக்கமாட்டார். குடியுங்கோ."

என்ன நினைத்தாரோ, குடித்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். நிமிர்ந்து, இது எந்த இடம் என்று என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்! என்னை ஏசினது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

தெளிந்துவிட்டதே, போவோம் என்றேன். நானா விடவில்லை. அவரும் நோன்பில் விழுந்த அன்றைக்குத் தெளிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்தாராம், திரும்பவும் இறங்கிவிட்டதாம். இரண்டு பிஸ்கட்டை அண்ணையின் கையில் திணித்து, பக்கத்துக் கடைக்காரரின் வானில் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்.

அங்கே டொக்டர் ஓர் இளம்பெண். விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் பார்த்தார், குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார், சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. குடிவெறியா வருத்தமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார். ஆள் குழம்பி வந்தால், சாராயமே மணந்தாலும், முதலில் விரலில் குத்துவார்களாம். முகம் கோணுதா, கை விழுதா என்று பார்த்தது பாரிசவாதமோ என்று அறியத்தானாம். இந்தக் குளிசை உடம்பில் நெடுநேரம் நின்று சீனியைத் திரும்பவும் இறக்கும் என்பதால் விடியும்வரை மறித்து வைத்தார்.

மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போய்க் கடலைப் பார்த்தேன். அழகுதான். போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுங்கள், பின்னேர பஸ் குறைவு. கூட வருகிறவருக்கோ ஓட்டுகிறவருக்கோ சீனி வருத்தமிருந்தால் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விரதமோ நோன்போ, குளிசையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயில் சாயும்போது மனம் கேளாமல் வார்ட்டுக்குத் திரும்பினேன். செய்தி கேட்டு வந்திருந்த அண்ணையின் மனைவி சோறு குழைத்துக்கொண்டிருந்தா. நடந்ததைச் சொன்னதும் அவாவின் கை நின்றது. வெள்ளிக்கிழமைகளில் இவர் இப்படித்தான் தள்ளாடி வருவாராம். விட்ட குடியைத் திரும்பத் தொடங்கிவிட்டார் என்று மூன்று மாதமாக அவரோடு கதைப்பதில்லையாம்.

குடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லவில்லையா என்று அண்ணையைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் வாறேல்ல. இவ சொன்னா, நானும் குடிச்சிருப்பன் எண்டுதான் நினைச்சனான். முந்தி விரதத்தில பாலும் பழமும் எடுக்கிறனான். இந்தக் குடி போகட்டும் எண்டு அதையும் விட்டனான்."

அவா அழவில்லை. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு கவளம் உருட்டி, வாயைத் திறவுங்கோ என்றா. அவர் திறந்தார்.