ஆறாவது பெயர்

பல்ஜான் எங்கள் கீழ்வீட்டுக்காரி. இங்கே கிஸிலோர்டா நகரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறாள். முப்பத்துமூன்று வயதாகியும் வந்த வரன்களையெல்லாம் பாடம் நடத்தியே துரத்திவிட்டாள். "ஆம்பளை இடுப்பைப் பாப்பான், பொம்பளை இரையைப் பாப்பா. குகையில ஒட்டிக்கிட்ட புத்தி, அதுக்குப் பேரு காதலாம் காதல்" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ரயில் பட்டறை மெக்கானிக் தௌரன்பெக்கைப் பிடித்துப்போனது. அவளைவிடக் குள்ளம். சொந்த வீடில்லை. தன் பாடத்தில் எந்த வரியிலும் இவன் அடங்கவில்லையே என்று புலம்பிக்கொண்டு என் சமையலறையில் உட்காருவாள், எழுவாள், குளிர்பெட்டியைக் காரணமில்லாமல் திறந்து மூடுவாள்.

பெண் கேட்டு அவனும் அவன் தகப்பனாரும் வந்தார்கள். நான் உதவிக்குப் போயிருந்தேன். இறைச்சி முடிந்ததும் இரண்டு தகப்பன்மாரும் வழக்கப்படி தங்கள் தந்தைவழி முன்னோர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். ஏழு தலைமுறைக்குள் ஒரே பெயர் வந்தால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. ஆறாவதில் இரண்டு பேரும் எசென்கெல்டி என்றார்கள். ஒரே ஆற்றங்கரை, ஒரே நொண்டிக்கால். ஒரே ஆள்தான், சந்தேகத்துக்கே இடமில்லை.

பல்ஜான் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் 'இன்னும் இருங்கள்' என்று அர்த்தம். பதற்றத்தில் அவன் தகப்பனாருக்கு விளிம்பு வரை ஊற்றிவிட்டாள். கிளம்பச் சொல்வது அப்படித்தான். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். விருந்து முடிந்த பிரார்த்தனையாக உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். தௌரன்பெக் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் பின்னால் இறங்கிப் போனான்.

கதவு சாத்தியதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஆறு தலைமுறை தள்ளி என்ன ரத்தம் மிஞ்சும், உப்புக்கல் அளவுகூடத் தேறாது என்றாள். கூடவே வளர்ந்தவர்கள்மேல்தான் இயற்கை வெறுப்பை வைத்திருக்கிறது, தானும் அவனும் வளர்ந்தது வேறு வேறு ஊரில் என்றாள். கடைசியில்,

"உங்கம்மாவோட பாட்டியும் என் அம்மாவோட பாட்டியும் கூடப்பிறந்தவங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டப்போ அது மட்டும் கணக்குல வரலியா?"

"பொம்பளைங்க பேரை யாரும்மா சொல்லிப் பாத்தா?"

"அதான் கேக்கறேன்."

அவள் அப்பா சபிட் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சரி, ரத்தத்தை விடு. எத்தனையோ பேரை வேண்டாம்னே. இவன்கிட்ட என்னதான் இருக்கு?"

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள் கிண்ணங்களை அடுக்கினாள். அறைக்குள் இரண்டு நடை நடந்தாள்.

"தெரியலப்பா. தெரிஞ்சிருந்தா அதைச் சொல்லி இவனையும் துரத்தியிருப்பேன்."

கீழே வண்டி உறுமியது, குளிரில் உடனே கிளம்பவில்லை. பல்ஜான் மேலங்கியை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. சபிட் வாசலில் போய் நின்றார். கூப்பிடவில்லை. அவ்வளவு குளிரிலும் கதவை மூடவுமில்லை.